மின்வடக் காப்புறை நீக்கம்: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

முன்னுரை

மின்கம்பியின் வரலாறு பெரும்பாலும் அதன் காப்புறையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தப் பொருள் மின்கசிவைத் தடுத்தது, எது கடலடியில் நிலைத்தது, எது உயர் மின்னழுத்தத்தைத் தாங்கியது என்பனவே அவ்வரலாறு எழுப்பும் வினாக்கள். எனினும், மின்வடம் ஒன்று தன் வாழ்நாளில் இருமுறை உறை நீக்கத்துக்கு உள்ளாகிறது. பிற கம்பியோடு இணைக்கப்படும்போது அதன் முனை உரிக்கப்படுகிறது; பயன்பாடு முடிந்தபின், உள்ளிருக்கும் செம்பை மீட்பதற்காக முழு நீளமும் உரிக்கப்படுகிறது. இவற்றை முறையே முதல் உரித்தல், இறுதி உரித்தல் எனக் கொள்ளலாம். காப்புப் பொருள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் முதல் உரித்தலுக்கெனத் தனிக் கைவினை உருவானதையும், இறுதி உரித்தல் பொருள் தேர்வில் இடம்பெறாமல் போனதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டும் கட்டாபெர்ச்சாவும்

1729இல் ஸ்டீபன் கிரே என்னும் ஆங்கிலேயர், சணல் கயிற்றைப் பட்டு நூலால் தொங்கவிட்டு அதன் வழியே மின்னைச் செலுத்தினார். பட்டுக்கு மாற்றாகப் பித்தளைக் கம்பியால் தாங்கியபோது மின் கசிந்துவிட்டது. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் பாகுபாட்டுக்கு இச்சோதனை அடிகோலியது. பின்னர்ப் பட்டும் பருத்தியும் கம்பியின் மேல் சுற்றப்பட்டன. அவற்றை நீக்குவது எளிது. நூலைப் பிரித்து, முனையைச் சுரண்டினால் போதும்.

நீருக்கடியில் செல்லும் தந்திக்கு நூலுறை போதவில்லை. மலாய்த் தீபகற்பத்து மரங்களின் பாலிலிருந்து பெறப்பட்ட கட்டாபெர்ச்சா, சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரியின் முயற்சியால் 1843இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1851இல் டோவர், கலே நகரங்களுக்கு இடையே இடப்பட்ட வடம் இப்பொருளையே காப்பாகக் கொண்டிருந்தது.

கட்டாபெர்ச்சா வெப்பத்தில் இளகி, குளிர்ந்தபின் இறுகும் இயல்புடையது. ஆகவே அதை உரிப்பதில் வெட்டுவதைவிட இளக்குவதே முதன்மை பெற்றது. மென்மையாகச் சூடேற்றி முனையிலிருந்து விலக்கி, செம்பைத் தூய்மை செய்து பற்றவைத்தபின், இருபுறமும் இளகியிருந்த உறையையே இணைப்பின் மீது இழுத்து மூடுவர். கையின் ஈரமோ அழுக்கோ உள்ளே படிந்தால் காப்பு கெடும். உரித்த பொருளும் மீண்டும் உருகக்கூடியதாக இருந்தமையால், இக்கட்டத்தில் இரு உரித்தல்களுக்கும் இடையே முரண் எழவில்லை. ஆயின், கடலடி வடங்களின் தேவைக்காகப் பால்மரங்கள் பெருமளவில் வெட்டி வீழ்த்தப்பட்டன என்பதையும் இங்கு மறத்தலாகாது.

ரப்பரும் வெள்ளீயப் பூச்சும்

சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கந்தகம் சேர்த்துச் சூடேற்றப்பட்ட ரப்பர் வெப்பத்திலும் குளிரிலும் தன் நெகிழ்ச்சியைக் காத்துக்கொண்டது. கட்டடங்களின் உள்ளே செல்லும் கம்பிகளுக்கு அது பரவலாகப் பயன்பட்டது. ஆனால் ரப்பரில் எஞ்சிய கந்தகம் செம்பை அரித்தது. அதைத் தடுக்கச் செம்பின் மேல் வெள்ளீயம் பூசப்பட்டது.

இப்பூச்சு உரித்தல் முறையையே மாற்றியது. கத்தியைச் செங்குத்தாக வைத்துச் சுற்றி வெட்டினால் பூச்சு கிழியும். செம்பிலும் வடு விழும். வடு விழுந்த கம்பி வளைக்கும்போது அவ்விடத்திலேயே முறியும். ஆதலால், பென்சில் சீவுவதுபோலக் கத்தியைச் சாய்த்துச் சீவுதல் பணிமனை விதியாயிற்று. மறுபுறம், கந்தகமேற்றிய ரப்பர் மீண்டும் உருகாது. இறுதி உரித்தலில் அது எளிதில் பயன்படுத்த இயலாத கழிவாக எஞ்சியது. முரணின் தொடக்கம் இதுவே.

காகிதமும் ஈயமும்

செபாஸ்டியன் டி ஃபெரான்டி, லண்டன் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்திற்காக வடிவமைத்த 10,000 வோல்ட் வடம் 1890-91 காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு செம்புக் குழாய்களின் இடையே மெழுகூட்டிய காகிதம் காப்பாக இருந்தது. 20 அடி நீளத் துண்டுகளாகச் செய்யப்பட்ட இவ்வடத்தில், ஒரு துண்டின் முனை கூம்பாகச் சீவப்பட்டது. அடுத்ததன் முனை அக்கூம்பு பொருந்துமாறு குடையப்பட்டது. உறையை நீக்கும் வடிவமே இங்கு இணைப்பின் வடிவமாயிற்று.

பின்னர் எண்ணெயூட்டிய காகிதமும் ஈய உறையும் கொண்ட நிலத்தடி வடங்கள் பரவின. காகித அடுக்கைக் கத்தியால் வெட்டினால் கீழடுக்கிலும் கீறல் விழும். அது மின்முறிவுக்கு இடந்தரும். எனவே நூலால் இறுகக் கட்டி, அக்கட்டின் விளிம்பில் நாடாக்களைக் கையால் கிழித்து, படிப்படியாகக் குறைத்துச் செல்வது மரபாயிற்று. நீக்கிய நாடாவைச் சூடான மெழுகில் இட்டு, குமிழோ வெடிப்பொலியோ எழுந்தால் ஈரம் புகுந்துள்ளது என அறிந்தனர். உரித்தெடுத்த பொருளே சோதனைப் பொருளாகவும் பயன்பட்டது. ஆனால், ஈய உறையை உருக்கி மூடிய இத்தொழில், தொழிலாளரை ஈய நச்சுக்கு ஆளாக்கும் இயல்புடையது.

பி.வி.சி.யும் தீயும்

1926இல் வால்டோ செமான், பாலிவினைல் குளோரைடை நெகிழச் செய்யும் வழியைக் கண்டார். 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபின் நேசநாடுகளுக்கு இயற்கை ரப்பர் அரிதானது, பி.வி.சி. அதன் இடத்தைப் பிடித்தது. இதில் முதல் உரித்தல் மிக எளிது. அளவுக்கேற்ற பள்ளம் கொண்ட இடுக்கியால் அழுத்தி இழுத்தால் உறை கழன்றுவிடும். நெடிய பயிற்சி தேவையில்லை.

இறுதி உரித்தலிலோ நிலை நேர்மாறானது. தூய பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். தடித்த வடத்தை இயந்திரத்தால் கீறிப் பிரிக்கலாம். மெல்லிய கம்பிகளைக் கையால் உரிக்கும் உழைப்புக்குச் செம்பின் விலை ஈடாவதில்லை. ஆகவே அவை எரிக்கப்படுகின்றன. எரியும் குளோரினோடு செம்பே வினையூக்கியாகச் செயல்பட்டு டையாக்சின் நச்சுகளை உருவாக்குகிறது. கானாவின் அக்போக்புளோஷி, சீனாவின் குய்யூ ஆகிய இடங்கள் இதனால் உலகக் கவனம் பெற்றன. 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, செம்பு வடங்களைப் புகையவிட்டு எரிப்பதை டையாக்சின் தோன்றும் மூலங்களுள் ஒன்றாகப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. இந்தியா 2006இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. எரித்தெடுத்த செம்பு கருகுவதால், தூய செம்பைவிடக் குறைந்த விலையே பெறுகிறது. எரிப்பவருக்கு உடல்நலமும் ஊதியமும் ஒருசேரக் குறைகின்றன.

முடிவுரை

கட்டாபெர்ச்சா முதல் பி.வி.சி. வரை, காப்புப் பொருளின் தேர்வு இடுவோரின் வசதியையும் இணைப்போரின் வசதியையும் முன்னிறுத்தியே அமைந்தது. முதல் உரித்தல் கைவினையாகப் போற்றப்பட்டு, கையேடுகளிலும் பயிற்சிகளிலும் இடம்பெற்றது. இறுதி உரித்தல் வறியோரின் பிழைப்பாகி, சுற்றுச்சூழல் ஆவணங்களில் மாசின் மூலமாக மட்டுமே பதிவு பெற்றது. குளோரின் கலவாத காப்புறைகளும், கம்பியைத் துண்டாக்கிச் செம்பைப் பிரிக்கும் இயந்திரங்களும் இன்று உள்ளன. எனினும் அவை, ஏற்கெனவே சுவர்களுக்குள்ளும் மண்ணுக்கடியிலும் கிடக்கும் வடங்களின் இயல்பை மாற்றா. உறையிட்டோரின் பெயர்களால் நிறைந்த மின்வட வரலாறு, அவ்வுறையை இறுதியில் நீக்குவோரையும் உட்கொண்டு எழுதப்படும்போதுதான் முழுமை பெறும்.