முல்லைத்தீவில் வீழ்ந்த வான்கல்

உலகெங்கும் விண்ணினின்று வீழ்ந்த கற்களை ஆண்டும் இடமும் குறித்து நிரல்படுத்திய பட்டியல்கள் அறிஞருலகில் வழங்குகின்றன. அவற்றைப் புரட்டுவோர், வன்னிப் பெருநிலத்தின் பெயரொன்றும் அங்கே இடம்பெற்றிருக்கக் காண்பர். முல்லைத்தீவு என்பதே அப்பெயர். கல் வீழ்ந்த நாள் 1795ஆம் ஆண்டு ஏப்ரில் 13. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய பட்டியலொன்று, முல்லைத்தீவிலிருந்து நான்கு மைல் தொலைவிலுள்ள கருநாவல்பற்று எனவும் இடத்தைச் சுட்டுகின்றது. பெயர் ஐரோப்பியர் நாவிலே சிதைந்து வழங்கினும், கருநாவல்பற்று வன்னியின் பழைய பற்றுகளுள் ஒன்று என்பதை அந்நாட்டார் நன்கறிவர்.

அக்காலத்து வன்னி ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர்களுடைய அதிகாரியாக இருந்த தோமஸ் நாகெல் என்பார் 1793ஆம் ஆண்டில் வன்னியைப் பற்றி ஒரு விவரணம் எழுதினார். கல் வீழ்ந்த அதே ஆண்டின் பிற்பகுதியிலே முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1803இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியமையும், பின்னர்க் கற்சிலைமடுவில் தோல்வியுற்றமையும் வரலாறு. ஆட்சிகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்திலேதான், சித்திரைப் பிறப்பை ஒட்டிய ஒரு நாளில், எவரும் எதிர்பாராத அக்கல் வானத்தினின்று வந்து வீழ்ந்தது.

ஓர் ஐயம் எழலாம். விண்ணிலே கல் ஏது? இவ்வையத்தை எழுப்பியவர் பாமரர் அல்லர். அக்காலத்து ஐரோப்பியப் பேரறிஞரே. வயலில் நின்ற உழவனும் ஆடு மேய்த்த சிறுவனும் கல் விழுந்ததைக் கண்டோம் என்றால், அது மூடநம்பிக்கை என்றும், மின்னல் தாக்கிய நிலத்துக் கல் என்றும் கூறிக் கற்றோர் ஒதுக்கினர். 1794ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞரான ஏர்ண்ஸ்ட் கிளாட்னி, இக்கற்கள் பூமிக்குப் புறம்பான வெளியிலிருந்து வருவனவே என்று ஒரு சிறுநூலில் வாதிட்டார். அவர் பெரிதும் நம்பியது யாதெனில், வெவ்வேறு நாட்டிலும் காலத்திலும் வாழ்ந்த எளிய மக்களின் சாட்சியம் ஒன்றோடொன்று ஒத்திருந்தமையே. பலர் அவரை எள்ளினர். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டிலே முல்லைத்தீவுக் கல் வீழ்ந்தது.

அதே 1795ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் நாள், சரியாக எட்டு மாதங்கள் கழித்து, இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் வோல்ட் கொட்டேஜ் என்னும் இடத்திலே ஏறத்தாழ 25 கிலோகிராம் நிறையுள்ள கல்லொன்று வீழ்ந்தது. நிலவுடைமையாளரான எட்வேட் டொப்பம் என்பவர், கண்டவரையும் கேட்டவரையும் அழைத்துச் சத்தியம் செய்வித்து வாக்குமூலம் பெற்றார். 1799இல் கல் வீழ்ந்த இடத்தில் ஒரு நினைவுத் தூணும் எழுப்பினார். எட்வேட் ஹவாட் என்னும் வேதியியலாளர் அக்கல்லையும், 1798இல் காசிக்கு அருகில் வீழ்ந்த கல்லையும், வேறு சிலவற்றையும் பகுத்தாராய்ந்து, இடத்தால் வேறுபட்டவை இயல்பால் ஒத்திருத்தலை 1802இல் வெளியிட்டார். 1803ஆம் ஆண்டு ஏப்ரிலில் பிரான்சு நாட்டு லேகிள் ஊரிலே ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பிய பியோ என்னும் அறிஞர் ஊர் ஊராகச் சென்று மக்களை வினாவி அறிக்கை எழுதினார். அத்துடன் ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று.

இவ்வாராய்ச்சியில் முல்லைத்தீவுக் கல்லுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று அதில் எஞ்சியுள்ளதாகப் பதிவாகியிருப்பது சில பத்துக் கிராம் நிறையுள்ள துண்டே. ஆயினும் வோல்ட் கொட்டேஜ் கல்லும் நம் கல்லும் இரும்பு குறைந்த ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்துக் கற்களிற் பல, ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதிச் சிதறிய ஒரே சிறுகோளின் துணுக்குகள் என்பது அறிவியலார் கொள்கை. பிறப்பால் உறவாகக் கூடியவை; வாழ்வால் வேறாயின. ஒன்றுக்குத் தூண் எழுந்தது. மற்றொன்றைக் கண்டவர் யாவர், ஓசை எத்திசையிற் கேட்டது என்னும் செய்திகள் நம் மக்களின் நினைவிலே தங்கவில்லை. வேறுபாடு கல்லில் இல்லை; சாட்சியத்தைப் பேணியமையிலேயே உள்ளது.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 229ஆம் பாட்டிலே கூடலூர் கிழார், வானத்தினின்று வீழ்ந்த மீனொன்றைக் கண்டு சேர மன்னனுக்கு நேரவிருந்த கேட்டை அஞ்சினார். அச்சத்தை நாம் இன்று ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அப்புலவர் திங்களையும், அன்றிரவு விண்மீன்கள் நின்ற நிலைகளையும் குறித்து வைத்த செம்மை, எக்காலத்து ஆராய்ச்சியாளரும் மெச்சத்தக்கது.

தொலைநோக்கிகள் மலிந்த இக்காலத்திலும் அறியாது வருவன உண்டோ எனில், உண்டு. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீற்றர் விட்டமுள்ள கல்லொன்று வானிலேயே வெடித்தது. உடைந்த கண்ணாடிகளாலும் பிறவற்றாலும் ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். வேறொரு சிறுகோள் பூமியை அண்மித்துக் கடந்து செல்லும் என்று அறிஞர் முன்னரே கணித்துக் காத்திருந்த நாளும் அதுவே. அவர்கள் ஒன்றை நோக்கியிருக்க, மற்றொன்று ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தது. பகலொளியினூடே வருவதை நிலத்திலுள்ள தொலைநோக்கி காணமாட்டாது. சிறியவையும் கருநிறத்தவையும் மிக அருகில் வந்தபின்னரே புலப்படும்.

ஏனைய கோள்களுக்கும் இதுவே நியதி. 1994இல் வியாழனில் மோதிய ஷூமேக்கர்–லெவி வால்வெள்ளியை அறிஞர் ஓராண்டுக்கு மேலாக அறிந்திருந்தனர். 2009ஆம் ஆண்டு ஜூலையில் அதே வியாழனில் மோதிய பொருளையோ முன்னர் எவரும் கண்டிலர். அதன் கரிய வடுவை முதலிற் கண்டவர் அவுஸ்திரேலியாவில் பொழுதுபோக்காக வானை நோக்கிய அந்தோனி வெஸ்லி என்பவர்.

ஆயினும் நிலைமை மாறிவருகின்றது. 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறுகல்லொன்று சூடானில் வீழுமுன்னரே விண்ணிற் கண்டறியப்பட்டது. வரலாற்றில் அதுவே முதன்முறை. அதன்பின் வேறு பலவும் அவ்வாறு அறியப்பட்டன. நம் இலங்கைக் கடலும் இதற்குச் சான்று. 2015ஆம் ஆண்டு நவெம்பர் 13ஆம் நாள், மனிதர் செலுத்திய விண்கலத்தின் எச்சம் எனக் கருதப்பட்ட பொருளொன்று தென்கரைக்கு அப்பால் வளிமண்டலத்திற் புகுந்து எரிந்தது. எந்நாள், எந்நேரம் என்பதனை வாரக்கணக்கில் முன்னறிந்த விஞ்ஞானிகள் விமானத்திலிருந்து அதனைக் கண்டனர். 220 ஆண்டுகளில் அறிவு சென்ற தூரம் இது. எனினும் 140 மீற்றருக்கு மேற்பட்டவையாய்ப் பூமியின் பாதையை அண்டித் திரியும் கற்களில் இதுவரை கண்டறியப்பட்டவை பாதிக்கும் குறைவு என்பது கணிப்பு.

ஆகவே சிறு கற்களைப் பொறுத்தவரை, முதற் சாட்சி இன்னும் வயலில் நிற்பவரும் கடலில் வலை வீசுபவரும்தாம். அத்தகைய கல்லொன்று வீழக் காண்பவர் நேரத்தையும், ஒளி சென்ற திசையையும், ஓசை எத்துணை நேரம் கழித்துக் கேட்டது என்பதையும் உடனே எழுதிவைத்தல் வேண்டும். கல்லைக் கழுவலாகாது, காந்தத்தை அணுகச் செய்யலாகாது, உலர்ந்த நிலையிற் பொதிந்து பல்கலைக்கழகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வன்னி மண் போரினால் ஏடுகளையும் இல்லங்களையும் பெருமளவில் இழந்த மண். எழுதப்படாதவை எத்துணை விரைவில் மறையும் என்பதை அம்மக்களுக்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை. 1795இல் எவரோ ஒருவர் நாளையும் ஊரையும் குறித்தனுப்பினார். அவ்விரு குறிப்புகளே ஒரு சிறு கல்லை மறதியினின்று காத்து, முல்லைத்தீவின் பெயரை உலகப் பட்டியலில் இன்றளவும் நிறுத்தியிருக்கின்றன.