ஒரு படம் இறங்கி வரும் வழி

ஐப்பசியில் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகம்தான் தெரியும். அதற்கும் மேலே, 747 கிலோமீட்டர் உயரத்தில், நிசார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் வந்துபோகிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இந்த ஏரியை அது எடுக்கும் ஒரு படம் எப்படிப் பிறந்து, எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்று பார்க்கலாம்.

படம் பிறப்பது ஒரு ரேடியோ துடிப்பில். இஸ்ரோவின் எஸ் பேண்ட் ரேடார் 3.2 கிகாஹெர்ட்ஸ் ஒட்டிய அலையைச் சாய்வாகக் கீழே அனுப்புகிறது. மேகம் அதைத் தடுக்காது. அசையாத ஏரிநீர் கண்ணாடி போல அலையை எதிர்ப்பக்கமாகத் தெறிக்கவிடும். கோளுக்கு ஒன்றும் திரும்பாததால் நீர் கறுப்பாகப் பதியும். கரையும் வேலிகாத்தான் புதரும் சிப்காட் ஆலைச் சுவர்களும் கொஞ்சமாவது திருப்பி அனுப்பி வெளிச்சமாகத் தெரியும். அலை போய்த் திரும்ப ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்தக் கறுப்பின் விளிம்பு எதுவரை வந்திருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இங்குள்ள ஏரியின் உபரி நீரும் பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரியும் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் போகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்ட நேரத்தில் வானம் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் சாதாரண கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் கிடைக்கும்.

அலை தன் இஷ்டத்துக்குப் புறப்பட முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகளை நாடுகள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடித் திருத்துகின்றன. அதையொட்டி இந்தியாவின் ஒதுக்கீட்டை வகுப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. 3.1 முதல் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை முதல் உரிமை தரையிலும் கப்பலிலும் உள்ள ரேடார்களுக்கு. புவியைப் படமெடுக்கும் கோள் அங்கே கடைமடை விவசாயி. மேல்மடைக்காரருக்கு இடைஞ்சல் தரக்கூடாது. அவரால் தனக்கு இடைஞ்சல் வந்தாலும் புகார் சொல்ல முடியாது.

3.3 தாண்டினால் 5ஜி. 2022 ஏலத்தில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை விற்பனைக்கு வந்தது. ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஓரகடத்தில், நோக்கியா ஆலை 2018 முதல் 5ஜி கருவிகளைச் செய்துவருகிறது. அந்த வேலை இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அதை எதிரியாக நான் நினைக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டுச் சத்தத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்.

பதிவான படம் மலையளவு தரவு. அதை இறக்க அகலமான பாதை தேவை: கேஏ பேண்டில் 25.5 முதல் 27 கிகாஹெர்ட்ஸ். ஹைதராபாத்துக்குத் தெற்கே ஷாத்நகரில் தேசியத் தொலையுணர்வு மையத்தின் ஆன்டெனாக்கள் காத்திருக்கின்றன. இங்கேதான் நெரிசல். அதே ஏலத்தில் 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் 5ஜிக்கு விற்பனைக்கு வந்தது. படத்தின் பாதை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் இதைத் தீர்க்க முடியும்: வாங்கும் நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, இடம் மாறாதவை. அவற்றைச் சுற்றி 5ஜி விலகி நின்றால் போதும்.

என்னை உறுத்துவது அந்த 5ஜி பட்டைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் 23.8 கிகாஹெர்ட்ஸ். காற்றிலுள்ள நீராவி தானாகவே அந்த அலைவரிசையில் மெல்ல ஒளிர்கிறது. வானிலைக் கோள்கள் அதைக் கேட்டுத்தான் வரப்போகும் மழையைக் கணிக்க உதவுகின்றன. நீராவியை வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல ஆளில்லை. 2019இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த தொலைத்தொடர்பு ஒன்றிய மாநாடு 5ஜி கசிவுக்கு வரம்பு வைத்தது. 2027 செப்டம்பர் 1க்குப் பிறகு நிறுவப்படும் நிலையங்களுக்கு அந்த வரம்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். உலக வானிலை அமைப்பு கேட்டது இதைவிடவும் மிகக் கடுமையானது. எட்டு ஆண்டு அவகாசம் நீளம் என்றே நினைக்கிறேன். அதற்குள் எத்தனை வடகிழக்குப் பருவமழை வந்துபோகும்!

ஷாத்நகரில் ஆன்டெனா திரும்புகிறது. வந்து விழும் எண்களைக் கணினி கோத்துக் கோத்து வரைய, திரையில் முதலில் தெளிவது ஏரியின் கறுப்பு. பிறகு அதன் கரை.