அனிலின்: ஒரு வேதிப்பெயரின் சொல்வழி வரலாறு

‘அனிலின்’ என்னும் வேதிப்பெயர் தமிழில் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகிறது. அதனுள் ‘நீலம்’ என்னும் சொல் மறைந்திருப்பது எழுத்தளவில் புலப்படுவதில்லை. அச்சொல் கடந்துவந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

1826இல் உன்வெர்டோர்பன் அவுரிச் சாயத்தைச் சூடாக்கி வடித்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். அமிலங்களோடு படிக உப்புகளைத் தந்தமையின் அதனைக் ‘கிறிஸ்டலின்’ என்றார். 1834இல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள், சலவைச் சுண்ணத்துடன் நீலநிறம் காட்டியமையால் ‘கயனால்’ எனப்பட்டது. 1840இல் ஃபிரிட்சே அவுரிச் சாயத்தைக் காரத்துடன் வினைபுரியச் செய்து பெற்றதற்கு ‘அனிலின்’ எனப் பெயரிட்டார். 1842இல் ஜினின் நைட்ரோபென்சீனை ஒடுக்கிப் பெற்றதைப் ‘பென்சிடாம்’ என்றார். இந்நான்கும் ஒரே பொருளே என்பதை 1843இல் ஹோஃப்மன் நிறுவினார். நிலைத்தது அவுரியின் பெயரே. தூய நிலையில் நிறமற்றதாகிய ஒரு நீர்மம் இவ்வாறு நீலத்தின் பெயரைத் தாங்கிற்று.

போர்த்துக்கேய மொழியில் ‘அனில்’ அவுரியைக் குறிக்கும். அது அரபியின் ‘அன்-நீல்’ என்பதன் திரிபு. ‘அல்’ என்னும் சுட்டிடை, நகரத்தின் முன் ‘அன்’ ஆயிற்று. ‘நீல்’ பாரசீகத்தின் வழியாக வடமொழி ‘நீல’ என்பதோடு இணைகிறது. ஆகவே ‘அனிலின்’ என்பதில் அரபுச் சுட்டிடையும், இந்திய நிறப்பெயரும், ஐரோப்பிய வேதியியல் விகுதியும் ஒருங்கே அமைந்துள்ளன. தமிழ் ‘நீலம்’ என்பதோடு ஒலியொப்புமை உண்டெனினும், இவ்விடைநிலைகளை விடுத்துத் தமிழிலிருந்து நேரே சென்றதாகக் கொள்வது பொருந்தாது.

இப்பெயர் வரலாற்றில் ஒரு முரணும் உண்டு. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1901இல் ஃபிளேகர் கண்ட சோடமைடு முறை, அனிலினிலிருந்தே அச்சாயத்தை மலிவாக ஆக்க வழிசெய்தது. அவுரியிலிருந்து பெயர் பெற்ற பொருளே அவுரியின் சந்தையை அழிக்கும் கருவியாயிற்று. பீகாரின் சம்பாரணில் தோட்ட முதலாளிகள் தம் இழப்பைக் குத்தகை உயர்வாகவும் ஈட்டுத்தொகையாகவும் உழவர்மேல் சுமத்தினர். 1917ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின்னணி இதுவே.

கலைச்சொல்லாக்கத்தில் ஒலிபெயர்ப்பைக் கையாள்வது குறையன்று. ஆயின் சொற்பிறப்புக் குறிப்பின்றிக் கையாளும்போது, நம் நிலத்து உழவரின் வரலாறும் சேர்ந்தே மறைகிறது. கலைச்சொல் அகராதிகள் அக்குறிப்பைச் சேர்த்துத் தருதல் வேண்டும்.