எந்தக் கடற்கரை?

கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை குழந்தைகளுடன் வந்திருந்தாள். பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்குப் பதினைந்து. ரயிலை விட்டு இறங்கியதுமே பெண் கேட்டது, "மாமா, கடல் எங்கே?" பையன் கேட்டது, "மாமா, கடலில் குளிக்கலாமா?"

"கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணா. ஆனால் எந்தக் கடற்கரை நல்லது என்று பார்த்துப் போங்கள்" என்றாள் தங்கை.

சென்னைவாசியிடம் கேட்கிற கேள்வியா இது? மெரீனா இருக்கும்போது வேறு எங்கே போவது? அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். கதை எழுதுவதற்காகப் பழைய புத்தகங்களைப் புரட்டும் கெட்ட பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அது வந்து வாயை அடைத்துவிட்டது.

கடற்கரையில் விளையாடுவது தமிழனுக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த விஷயமல்ல. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கரையைப் பாருங்கள். பௌர்ணமி நாளில் பரதவர்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. மனைவி மக்களோடு கடலாடுகிறார்கள்; உப்புப் போக நல்ல தண்ணீரில் குளிக்கிறார்கள்; நண்டைத் துரத்துகிறார்கள்; அலையை மிதிக்கிறார்கள்; மணலில் பாவை செய்கிறார்கள். இன்றைக்கு என் மருமாள் செய்ய ஆசைப்படுவதில் ஒன்று கூட அந்தப் பட்டியலில் விட்டுப் போகவில்லை! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கடலில் இறங்கியவர்கள் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள் அல்ல.

சென்னைக் கடலோ பழைய நாளிலிருந்தே பெயர் கெட்டது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கவர்னரானாலும் குமாஸ்தாவானாலும் மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு இந்த அலையில் உடைந்து போகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும் என்பதுதான் காரணம். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். எதற்கு? படகு கவிழ்ந்தால் ஆட்களைப் பொறுக்கி எடுக்க! இப்படிப்பட்ட கடல் எந்த வருஷத்தில் சாதுவாக மாறியது என்று நானும் தேடிப் பார்த்தேன். மாறவே இல்லை.

மாறியது மணல்தான். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் ஒரு புயல் வந்து கட்டியதில் பெரும் பகுதியைப் பெயர்த்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையோரமாக அலைகள் வருஷத்தில் பெரும் பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. துறைமுகத்தின் கற்சுவர் குறுக்கே நின்றதும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. தெற்கே கரை அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே ராயபுரத்துப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல், கடல் ஊரை அரித்தது. திருவல்லிக்கேணிக்காரர்களுக்குக் கிடைத்த விளையாட்டு மைதானத்துக்கு ராயபுரத்துக்காரர்கள் விலை கொடுத்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் கரையோரம் உலாவும் பாதை போட்டு, சிஸிலித் தீவில் பார்த்த கடற்கரையின் ஞாபகமாக அதற்கு 'மெரீனா' என்று பெயரும் வைத்தார். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், பின்னால் விவேகானந்தர் தங்கிப் புகழ் பெற்ற கட்டிடம், இன்று அலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நடந்து பார்த்தால் மணல் வளர்ந்த கதை காலுக்கே தெரியும்.

ஆகவே மெரீனாவில் மணல் புதியது, கடல் பழையது. இதுதான் நான் தங்கைக்குச் சொன்ன பதில். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வீடு கட்டலாம், பட்டம் விடலாம், ஓடி விழுந்தாலும் முழங்கால் சிராய்க்காது. பதினைந்து வயதுப் பையனுக்கோ மணல் போதாது. அவனுக்கு வேண்டியது தண்ணீர்.

"எனக்கு நீச்சல் தெரியும் மாமா!" என்றான் அவன்.

கிணற்று நீச்சல்! அது கையையும் காலையும் பற்றியது. கடலுக்கு அது போதாது. கரையில் மோதிய நீர் திரும்பும்போது, சில இடங்களில் வாய்க்கால் போல ஒன்று சேர்ந்து ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கரையை நோக்கி நீந்தி அதை எதிர்த்தவன் களைத்துப் போவான். பக்கவாட்டில் நீந்தி விலகினால் பிழைக்கலாம். இது தெரியாத நல்ல நீச்சல்காரனைவிட, நீச்சலே தெரியாமல் கரையில் உட்கார்ந்திருப்பவன் பத்திரமானவன்.

சாதுவான கடலே இல்லையா என்றால், உண்டு. ராமேசுவரத்தில் பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். அக்கினி தீர்த்தத்தில் கிழவிகளும் குழந்தைகளும் முழுகி எழுவது பெண் கடலில். ஆனால் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது பெண் என்றும் ஆண் என்றும் பேதம் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், மெரீனா மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் கடல் எச்சரிக்கை கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட நாளை எந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தும் தவிர்க்க முடியாது. மற்ற நாட்களுக்கு ஒரு கேள்வி போதும்: தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, விசிலும் கயிறுமாக, அதே வேலையாக ஓர் ஆள் நிற்கிறானா? சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீரின் சுத்தத்தோடு இந்த ஆள் நிற்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தக் கொடியைக் கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் கோவளம்!" என்று துள்ளினான் பையன்.

"ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆள் கை காட்டுகிற எல்லைக்குள், இடுப்பளவுத் தண்ணீரில்" என்றேன்.

அன்று மாலை பெஸன்ட் நகருக்குப் போனோம். அங்கே எலியட்ஸ் கடற்கரை மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறது. ஷ்மிட் என்ற டேனிஷ்காரர் 1930 டிசம்பர் 30-இல் பிறர் உயிரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி, தாம் மூழ்கிப் போனார். அவர் நினைவாகக் கட்டியது. பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இவருக்கு நீச்சல் தெரியுமா மாமா?"

"தெரியாமலா இறங்கியிருப்பார்?"

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலை வந்து கணுக்காலைத் தொடும் இடம் வரையில் போய் நின்றான். அவன் தங்கை மணலில் ஒரு கோபுரம் கட்டி, அதற்கு வாசல் வைக்க மறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.