புல்லுருவி அல்ல

சிறு வயதில் நான் செய்த ஒரு பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரை அடுத்த எங்கள் ஊர் ஐயனார் கோயில் தோப்பில் ஒரு பழைய நாவல் மரம் உண்டு. அதன் கவட்டில் தடித்த பட்டை இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. புல்லுருவி, மரத்தைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். மரத்துக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு அதைப் பிய்த்து எறிந்தேன். பூசாரி பார்த்துவிட்டார்.

"ஏன் தம்பி, இந்தத் தோப்புல சுள்ளி பொறுக்கவே எங்களுக்குப் பயம். உசிரோட இருக்குறதைப் பிச்சுப் போட்டுட்டியே!" என்றார்.

அது புல்லுருவி அல்ல, வாண்டா என்னும் ஆர்க்கிட் என்று பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆர்க்கிட் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டுமே கேட்கிறது. பட்டையில் வழியும் மழைநீரையும் பனியையும் அதன் வேர்த்தோல் பஞ்சைப்போல் வாங்கிக்கொள்கிறது. அதன் விதையோ வெறும் தூசி. உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். நான் ஒரு நிமிஷத்தில் பிய்த்தது பல வருஷத்து வளர்ச்சி.

இந்தச் செடிகளுக்குக் கணக்கு எழுதிய கதை நம் கடற்கரையில்தான் நடந்தது. சிதம்பரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. டேனிஷ்காரர்களின் அந்தக் கோட்டை நகருக்கு 1768-இல் லின்னேயஸின் மாணாக்கரான கேனிக் வைத்தியராக வந்தார். செடி தேடும் பித்தைப் பாதிரிமாருக்கும் தொற்ற வைத்தார். 1776-இல் வந்த ராட்லர் 1836-இல் சென்னையில் காலமாகும் வரை, அறுபது வருஷம், தமிழ்நாட்டுச் செடிகளையும் தமிழ்ச் சொற்களையும் ஒருசேரச் சேகரித்தார். சொற்கள் அகராதியாயின. உலர்த்திய செடிகள் இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன.

நான் பிய்த்த இனத்தின் படத்தை, சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தமது பெரிய நூலில் ராக்ஸ்பர்க் 1795-இல் வெளியிட்டார். அந்த இனத்துக்கு வாண்டா என்ற பெயர் வில்லியம் ஜோன்ஸ் வழியாக வந்தது. சம்ஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கு மரத்தின்மேல் ஒட்டி வளரும் செடி, அதாவது புல்லுருவி என்றே பொருள்! பண்டிதர்கள் வைத்த பெயரிலும் அந்தப் பழி போகவில்லை.

பிறகு வந்தவர்களும் எண்ணினார்கள். கடலூர்ப் பக்கத்துக் குழந்தைகுப்பம், திருமாணிக்குழி ஆகிய ஊர்களின் கோயில் காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1997-இல் கட்டுரை வெளியிட்டார்கள். காசா, வீரை, பாலை என்று இந்தக் கரைக் காட்டு மரங்கள் இத்தகைய தோப்புகளில்தான் தஞ்சம் புகுந்திருக்கின்றன. சுற்றியுள்ள காடு முந்திரியாகவும் வயலாகவும் மாறிவிட்டது.

தெய்வ பயம் எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்லிவிட முடியுமா? சிதம்பரத்தைப் பாருங்கள். தில்லை மரத்தால் பெயர் பெற்ற ஊர். நகரம் வளர்ந்தது; வனம் போயிற்று. தில்லையைக் காண வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரம் போய்ப் படகு ஏற வேண்டும். அங்கே சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புக் காட்டை அரசாங்கச் சட்டம் காத்து நிற்கிறது. சிறு தோப்புகள் பலவற்றுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஐயனார்தான் காவல்.

சென்ற வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். பூசாரியின் பேரன் பூசை செய்கிறான். கோயிலுக்கு மண்டபம் கட்டக் கல்லும் மணலும் வந்து இறங்கியிருந்தன. நாவல் மரத்தில் வேறொரு கவட்டில் வாண்டா பூத்திருந்தது. பழுப்பு இதழில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவே ஊதா.

"அந்தக் கிளையைக் கழிக்கணும் அண்ணே, கூரைக்கு இடிக்குது. மேலே வெறும் புல்லுருவிதானே?" என்றான்.

அவன் தாத்தா எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். மண்டபத்தை நான்கு அடி தள்ளிக் கட்டச் சம்மதித்திருக்கிறான். மழைக்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.