மலபார் புனுகுப் பூனை - இருந்ததா, இல்லையா?

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரை வருஷத்தில் மூணு நாள்தான் கவசம் இல்லாமல் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கவசத்தைக் கழட்டி, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவாங்க. அந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கிட்டு நின்னப்போதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் புனுகு எங்கேர்ந்து வருது? "பூனைகிட்டேர்ந்து" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். பூனையில எங்கேர்ந்துன்னு கேட்டேன். "சந்நிதியில கேக்குற கேள்வியா தம்பி இது"ன்னுட்டார் :-)

அவர் சொல்லாததை நான் சொல்லிடறேன். வாலுக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கு, அதிலிருந்து. காட்டில் தன் எல்லையைக் குறிக்க மரத்திலும் கல்லிலும் தேய்ச்சுட்டுப் போகும். கூண்டில் அடைத்து நடுவில் ஒரு கம்பை நட்டால் அதிலும் தேய்க்கும். அதை வழித்தெடுத்தால் புனுகு. நேரடியா முகர்ந்தால் குமட்டும், எண்ணெயில் துளி கலந்தால் மணக்கும். பேர்தான் பூனையே தவிர, கீரிக்குத்தான் இது நெருங்கின சொந்தம்.

இந்த வாசனைக்கு ஒரு காலத்தில் உலகமே அலைஞ்சிருக்கு. அரபியில் 'ஸபாத்'. நம்ம சவ்வாதும் ஆங்கிலத்து சிவெட்டும் அதிலிருந்து வந்தவைதான். ராபின்சன் குருசோ எழுதின டேனியல் டீஃபோ 1692ல் சுமார் 70 புனுகுப் பூனைகளை வாங்கிப் பண்ணை வைக்கப் பார்த்தார். அதே வருஷம் மனுஷன் திவால்!

நிற்க. சொல்ல வந்தது வேற கதை.

நம்ம ஊர்ப் பக்கம் பரவலா இருக்கறது சின்னப் புனுகுப் பூனை. அதைவிடப் பெரிசா, முதுகு நெடுக நிமிர்ந்து நிக்கற கருப்புப் பிடரியும், கழுத்தில் கருப்பு வெள்ளைப் பட்டையும், வாலில் வளையமுமா இன்னொண்ணு மேற்குக் கடற்கரையில் இருந்ததாச் சொல்றாங்க. அதுதான் மலபார் புனுகுப் பூனை. கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் 1862ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். சில வருஷம் கழித்து ஜெர்டன் எழுதின பாலூட்டிகள் புத்தகத்தில், மலபார் கரையில் உண்டு, திருவிதாங்கூரில் ஏராளம் என்றே இருக்கு.

ஏராளமா இருந்தது நூறு வருஷத்தில் காணாமல் போச்சு. 1960களின் கடைசியில் அழிஞ்சே போயிருக்கும்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் 1987ல் நிலம்பூர்ப் பக்கம் எளயூரில் தோல் கிடைத்தது. தோல்தான், உயிரோட இல்லை. அஷ்ரஃப், அஜித் குமார், நம்ம நாங்குநேரிக்காரர் ஜான்சிங் (2024ல் காலமானார்) மூணு பேரும் தேடிப் போய், 1993ல் கட்டுரை எழுதினாங்க. இது பதுங்கி இருந்தது அடர்ந்த மலைக்காட்டில் இல்லை. புதர் மண்டிக் கிடந்த முந்திரித் தோப்புகளில். தோப்பை வெட்டி ரப்பர் வெச்சப்போ புதரும் போச்சு, ஒளிய இடமும் போச்சு.

அதற்கப்புறம் கேரளா, கர்நாடகக் காடுகளில் தானியங்கிக் கேமரா கட்டித் தேடினாங்க. சின்னது மாட்டுச்சு, மரநாய் மாட்டுச்சு, இது மட்டும் மாட்டலை. காட்டில் உயிரோட எடுத்த ஒரு போட்டோ கூட இல்லாத விலங்கு, சிவப்புப் பட்டியலில் மிக மிக அருகிய இனமா உட்கார்ந்திருக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 2010ல் வந்த கட்டுரை. நந்தினியும் திவ்யா முடப்பாவும் (வால்பாறையில் பல வருஷம் வேலை செய்தவர்) பழைய குறிப்பு ஒண்ணு விடாமல் புரட்டிட்டு ஒரு கேள்வி கேக்கறாங்க: இப்படி ஒரு தனி இனம் இங்கே இருந்ததா முதல்ல? புனுகுக்காக வணிகர்கள் வேற தேசத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்த பூனைகள் தப்பித்தோ, அவிழ்த்து விடப்பட்டோ காட்டில் சுத்தியிருக்கலாம் இல்லையா? யோசிச்சா பொருந்தத்தான் செய்யுது. பழைய குறிப்பெல்லாம் கடற்கரையைச் சுத்தியே இருக்கு. கோழிக்கோடு மாதிரித் துறைமுகத்தில் மிளகு ஏறின கப்பலில் பூனை இறங்கியிருக்காதா? இதற்கு நெருங்கின ஜாடையுள்ள பெரும்புள்ளிப் புனுகுப் பூனை இன்னிக்கும் தாய்லாந்து, வியட்நாம் பக்கம் இருக்கு.

மறுபக்கமும் சொல்லணும். தாழ்வான கடலோரக் காடுதான் இங்கே முதலில் அழிஞ்சது. அங்கே மட்டும் வாழ்ந்த விலங்கு, யாரும் ஒழுங்காப் பார்க்கறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். இறக்குமதின்னு முடிவு கட்டிட்டு, கடைசி நாலஞ்சு எங்கேயோ புதரில் இருந்து செத்தால் யார் பொறுப்பு? எனக்கு மனசு இந்தப் பக்கம்தான் சாயுது. ஆதாரம் கேட்டால் கையில் ஒண்ணுமில்லை.

மலையாளத்தில் புனுகுப் பூனையை 'வெருகு' என்பாங்க. சங்கப் பாட்டிலும் வெருகு வருது, காட்டுப் பூனை என்ற பொருளில். நிலம்பூர், வயநாட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தால், வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க: முதுகு நெடுக கருப்பு மயிர் சிலிர்த்த, நாய் உயர வெருகை யாராவது முந்திரித் தோப்பில் பார்த்ததுண்டா?