நெற்றியில் குத்திய நம்பர்

1967-ஆம் வருஷம் செவர்லே கம்பெனி 22,940 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்து விற்றது. அதில் எல்-88 என்ற இன்ஜினோடு வெளியே போனவை வெறும் 20. அந்த இன்ஜினுக்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்த தொகை 947 டாலர் 90 சென்ட். 2014-இல் அரிசோனாவில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் அந்த இருபதில் ஒன்று 38.5 லட்சம் டாலருக்குப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் அதற்கும் சாதா இன்ஜின் போட்ட கார்வெட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்படி ஒரு சரக்கு இருந்தால் போலி முளைக்காமலா இருக்கும்?

நான் கோவையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பது என் பிழைப்பில் பாதி. மிச்சிகனில் இருக்கும் அக்கா மகனுக்குப் பழைய கார்வெட் மேல் ஒரு கண். விற்பனைக்கு வரும் வண்டிகளின் போட்டோவை எனக்கு அனுப்பி, “ஒரிஜினலா மாமா?” என்று கேட்பான். மாருதியும் மஹிந்திராவும் பார்த்துப் பழகிய நான் கார்வெட்டின் பூர்வீகத்தைப் படிக்க ஆரம்பித்தது அவனால்தான்.

எல்-88 ஏன் இவ்வளவு குறைவாகப் போனது? அது ரேஸுக்குச் செய்த இன்ஜின். வாங்குகிறவனுக்கு ஹீட்டர் கிடையாது, ரேடியோ கிடையாது. 103 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். கம்பெனி காகிதத்தில் 430 குதிரைத் திறன் என்று போட்டார்கள். உள்ளபடி அது 500-க்கும் மேல். பக்கத்திலேயே 435 குதிரைத் திறன் என்று போட்ட இன்னொரு இன்ஜின் 437 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது. சும்மா ஓட்ட வாங்குகிறவன் எதை எடுப்பான்? அவன் எல்-88 பக்கம் வந்துவிடக் கூடாது என்பதுதான் கம்பெனியின் எண்ணமும். ஆக, இந்த வண்டியைப் பற்றிய முதல் பொய்யைச் சொன்னவர்கள் அதைச் செய்தவர்களேதான்.

போலிக்காரனுக்கு வசதியாக இன்னொன்றும் அமைந்துவிட்டது. அந்த வருஷத்து கார்வெட்டின் வண்டி எண்ணில் மொத்தம் 13 இடங்கள். என்ன மாடல், கூபேயா கன்வர்ட்டிபிளா, எந்த வருஷம், எந்தத் தொழிற்சாலை, எத்தனையாவது வண்டி என்பதெல்லாம் அதில் தெரியும். என்ன இன்ஜின் என்பது மட்டும் தெரியாது. இன்ஜினைக் காட்டும் எழுத்து 1972 மாடலிலிருந்துதான் அந்த எண்ணுக்குள் வந்தது. அதற்கு முந்திய வண்டிக்குச் சாட்சி என்றால் மூன்றுதான்: முதல் சொந்தக்காரர் வைத்திருக்கும் காகிதங்கள், பெட்ரோல் டேங்க் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய விவரச்சீட்டு, இன்ஜினில் குத்தியிருக்கும் எண்.

காகிதம் தொலையும். டேங்க் சீட்டு மக்கிப் போகும். போதாததற்குப் புதிதாக அச்சடித்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். மிஞ்சுவது இன்ஜின் எண்தான். அது எங்கே இருக்கிறது என்றால், இன்ஜின் பிளாக்கின் முன்பக்கத்தில், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், நெற்றி மாதிரி ஒரு சின்னத் தட்டைப் பரப்பு. அதில் இரண்டு எண்கள். ஒன்றை நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா இன்ஜின் தொழிற்சாலையில் குத்துவார்கள்: ஊருக்கு ஓர் எழுத்து, மாதம், தேதி, கடைசியில் இன்ஜின் வகைக்கு இரண்டு எழுத்து. 1967 எல்-88 என்றால் அந்த இரண்டு எழுத்து ‘ஐ.டி.’. அடுத்த எண்ணை செயின்ட் லூயிஸில் வண்டியைப் பூட்டும்போது குத்துவார்கள். அது வண்டி எண்ணின் வால். இரண்டும் வேறு வேறு ஊரில், வேறு வேறு கையால், வேறு வேறு அச்சால் விழுந்தவை. ஒரே அழுத்தத்தில், ஒரே ஜாடையில் இரண்டும் இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

எழுத்தைவிட முக்கியம், எழுத்து விழுந்திருக்கும் தரை. பிளாக்கின் மேல்பரப்பை டோனவாண்டாவில் புரோச்சிங் மெஷினில் இழுத்து மட்டப்படுத்துவார்கள். அந்த வெட்டுளி முன்னும் பின்னுமாக மயிரிழை மாதிரி நேர்க்கோடுகளை விட்டுவிட்டுப் போகும். எண் அந்தக் கோடுகளின் மேல்தான் விழும். பழைய எண்ணை அழித்துப் புது எண் குத்துகிறவன் முதலில் கிரைண்டரையோ உப்புத்தாளையோ போட்டாக வேண்டும். போட்டால் கோடு போய்விடும். திரும்பக் கோடு வரைகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் கோடு ஒன்று வளையும், இல்லாவிட்டால் எண்ணுக்கு மேலே ஏறி ஓடும்.

அக்கா மகன் ஒரு தடவை அந்தப் பரப்பின் போட்டோவை அனுப்பி, “பளிச்சுன்னு இருக்கு மாமா, நம்பரும் வண்டியோட ஒத்துப் போகுது” என்றான்.

“பளிச்சுன்னு இருக்கறதுதான் கண்ணு சந்தேகமே. கோடு எங்க?”

கோடு இல்லாததெல்லாம் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. ரேஸ் ஓடிய வண்டியில் இன்ஜின் வெடிப்பது சகஜம். வாரண்டியில் மாற்றிக் கொடுத்த பிளாக்கில் எண்ணே இல்லாமல் நெற்றி வெறுமையாக இருக்கும். அது நேர்மையான வெறுமை, ஆனால் விலை இறங்கும். அந்த இறக்கம்தான் மனுஷனைச் சுத்தியல் எடுக்க வைக்கிறது. அழித்த எண்ணை மீட்கவும் வழி உண்டு. அச்சு விழும்போது எழுத்துக்கு அடியில் இருக்கும் இரும்பும் நசுங்குகிறது; மேலே தேய்த்தாலும் அந்த நசுங்கல் உள்ளே கிடக்கும். மெருகேற்றி ஆசிட் தடவினால் பழைய எண் மங்கலாக எழுந்து வரும். திருட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணைத் தடயவியல் ஆட்கள் மீட்பது இப்படித்தான்.

ஆனால் கார்வெட்டில் அசல் எது, போலி எது என்று பிரிக்கும் கலையை வளர்த்தது போலீஸ் இல்லை, பைத்தியம் பிடித்த ரசிகர்கள். 1973-இல் இல்லினாயில் புளூமிங்டன் கண்காட்சி தொடங்கியது. 1974-இல் தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கம் வந்தது. எந்த போல்ட்டில் என்ன குறி, எந்த மாதம் எந்தக் கார்புரேட்டர் என்று ஆராய்ந்து எழுதிவைத்தார்கள். வார்ப்புத் தேதிக்குப் பிறகுதான் இன்ஜின் தேதி, அதற்குப் பிறகுதான் வண்டித் தேதி வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. போலிக்காரர்களும் அதே புத்தகங்களை வாங்கிப் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. மைல் மீட்டரைத் திருப்பும் பழக்கத்துக்கு எதிராக 1972-இலேயே அமெரிக்காவில் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 1981 மாடலிலிருந்து 17 இட வண்டி எண் கட்டாயம். அதன் ஒன்பதாவது இடம் ஒரு காவல்காரன். மற்ற இடங்களுக்கெல்லாம் மதிப்புப் போட்டு, பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும். மனசுக்கு வந்தபடி எழுதிய எண் இதில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு வண்டியின் நிஜ எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் மாட்டாது.

பார்க்காமல் வாங்குவதும் இன்டர்நெட்டோடு வந்ததல்ல. 1954-இல் தொடங்கிய ஹெமிங்ஸ் பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் பார்த்து, போன் போட்டு, செக் அனுப்பி வாங்கியவர்கள் ஏராளம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தை அப்போதே விட்டுக்கொடுத்தாகிவிட்டது. 1999-இல் ஈபே கம்பெனி குரூஸ் என்ற பழைய கார் ஏல நிறுவனத்தையே விலைக்கு வாங்கியபோது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வியாபாரம் திரைக்குள் போவது உறுதியாயிற்று.

அதன் பிறகு வந்தவர்கள் வேறு ஜாதி. எண் குத்தி ஏமாற்றியவனிடம் ஒரு காராவது இருந்தது. கை வேலையும் தெரிந்திருந்தது. ருமேனியாவின் அலெக்சாண்ட்ரியா ஊர்க்காரர்கள் நடத்திய வலையில் காரே கிடையாது. யாரோ எடுத்த போட்டோ, குறைந்த விலை, ஒரு கதை: “நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், கிளம்புவதற்குள் விற்றாக வேண்டும்.” நம்பிக்கையான கம்பெனி அனுப்பியது போல ஒரு பில் வரும். சந்தேகப்பட்டு அதிலுள்ள நம்பருக்குப் போன் செய்தால் வாடிக்கையாளர் சேவை என்று பேசவும் ஆள் வைத்திருந்தார்கள். வந்த பணத்தை பிட்காயினாக்கி ஐரோப்பாவுக்குக் கடத்தினார்கள். கென்டக்கி மாநில மத்திய நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் கணக்குப்படி ஏமாந்த அமெரிக்கர்கள் 900 பேருக்குக் குறையாது.

அதே ராணுவக் கதை நம் ஊருக்கும் வந்துவிட்டது. இங்கே அது டிரான்ஸ்ஃபர் ஆன ஜவான். வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. ராணுவப் பார்சலில் அனுப்புகிறேன், முதலில் டெலிவரி சார்ஜ் மட்டும் போடுங்கள், அடுத்து ஜி.எஸ்.டி., அது திரும்ப வந்துவிடும். கூடவே ஆர்.சி. போட்டோவும் வரும். அந்த ஆர்.சி.யில் தப்பு கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு யாரோ ஒருவருடைய ஆர்.சி. பத்து நிமிஷத்தில் பென்சில் பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அதற்கு வண்டி பக்கத்தில் இருந்தாக வேண்டுமே.

அக்கா மகன் இன்னும் வாங்கவில்லை. இப்போது 1972-க்குப் பிந்திய வண்டிகளாகப் பார்க்கிறான். இன்ஜின் எழுத்து வண்டி எண்ணிலேயே இருக்கிறது, விலையும் தாங்குகிற விலை. அந்தக் காலத்து இன்ஜின்களில் வேகம் குறைவு என்று அவனுக்கு வருத்தம். அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான்.